செருப்பு சீன்

ஏப்ரல் 21, திங்கள்

இந்த நோட்டின் அட்டையில் 'வேதியியல் செய்முறை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். அம்மா மளிகைக்கடைப் பொட்டலத்தாளைக்கூட விடாமல் படிப்பவள். வேதியியலை மட்டும் தொட மாட்டாள். ஆகவே என் ரகசியங்கள் அமிலத்துக்கும் காரத்துக்கும் நடுவில் பத்திரமாக இருக்கும்.

என் பெயர் நப்பின்னை. நாவலாசிரியைக்கு மகளாகப் பிறந்தால் இதுதான் கதி. வருகைப் பதிவேட்டில் என் பெயர் வரும்போது புது டீச்சர்கள் எல்லாருமே இரண்டு நொடி மூச்சு வாங்கிக்கொள்வார்கள். வீட்டில் பின்னு.

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்து லீவு. லீவைக் கொன்றது அம்மாவின் வலது கட்டைவிரல். தசைநார் வீங்கியிருக்கிறது, ஆறு வாரம் பேனாவைத் தொடக் கூடாது என்று டாக்டர் மணிக்கட்டோடு சேர்த்துப் பட்டை போட்டுவிட்டார். அம்மாவுக்கு டைப் அடிக்க வராது. அவள் சொல்ல, நான் லேப்டாப்பில் அடிக்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுப்புகிறாள். ஏழு மணிக்குள் மூன்று காட்சி வசனம் வளசரவாக்கம் ஷூட்டிங் வீட்டுக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் அங்கே முப்பது பேர் மேக்கப்போடு பேப்பர் படிப்பார்கள்.

எங்களுக்குச் சோறு போடுவது அந்த சீரியல்தான். நிஜப் பெயரை எழுத மாட்டேன். நான் வைத்த பெயர் 'அழுகாச்சி ஆயிரம்'. இப்போது நானூற்றுப் பத்தாவது எபிசோட். இன்னும் ஐந்நூற்றுத் தொண்ணூறு அழ வேண்டியிருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

வகுப்புத் தோழி ஜெசிந்தாவோடு பந்தயம். மாமியார் வாயில் 'சவ்வூடு பரவல்' என்ற சொல்லை வரவைக்க வேண்டும். வரவைத்தேன். "உன் வஞ்சகம் இந்த வீட்டுக்குள்ள சவ்வூடு பரவல் மாதிரி பரவுதுடி!" அம்மா அப்போது குளிக்கப் போயிருந்தாள். எபிசோட் டைரக்டர் போன் பண்ணி, "மேடம், அந்த டயலாக் சூப்பர், புரியல, ஆனா கிளாப்ஸ்" என்றாராம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இனிமே அனுப்புறதுக்கு முந்தி எனக்கு வாசிச்சுக் காட்டணும்."

"சரிம்மா."

"என்ன சரிம்மா. மாமியார்க்காரி எத்தனாப்பு படிச்சிருக்கா?"

"ஏழாவது."

"சவ்வூடு பரவல் எத்தனாப்புல வருது?"

"ஒன்பதாவது."

"கதாபாத்திரத்துக்குத் தெரியாதத அவ வாயில வைக்காத." அவ்வளவுதான் திட்டு. திட்டக்கூடத் தெம்பில்லை. ஜெசிந்தா ஒரு பலூடா தர வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

தங்கதுரை அண்ணன் வந்தார். அம்மா இயக்கிய ஒரே படத்தில் கோ-டைரக்டர். சாத்தூர்க்காரர். அந்தப் படம் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. பதினோரு நாள் ஓடியது, அதில் நான்கு நாள் மழை. எல்லாரும் அம்மாவை விட்டுப் போனார்கள். இவர் மட்டும் அடுத்த படத்துக்குக் காத்திருக்கிறார். முடி கொட்டியதுகூட எங்கள் வீட்டு சோபாவில்தான்.

அம்மாவின் சரித்திரத்தையும் இங்கேயே எழுதிவிடுகிறேன், பிறகு ஆராய்ச்சியாளர்கள் சிரமப்பட வேண்டாம். பெயர் செண்பகவல்லி, ஊர் கோவில்பட்டி. தீப்பெட்டி ஆபீசில் கணக்கெழுதிக்கொண்டே, லேபிள் தாள்களின் பின்பக்கத்தில் முதல் நாவலை எழுதினாள். அப்போது இருபத்துநாலு வயது. பரிசு கிடைத்தது. இரண்டாவது நாவலைப் படித்த ஒரு டைரக்டர் வசனம் எழுதக் கூப்பிட்டார். சென்னைக்கு வந்து நான்கு படத்துக்கு எழுதினாள், ஒன்றில் பெயர் போட்டார்கள். ஒரு படத்துக்குக் காமெடி மட்டும் எழுதினாள். அதில் பேய் பேசியதெல்லாம் அம்மா. பிறகு ஒரு படத்தை இயக்கினாள். பிறகு ஒரு வெப் சீரிஸ், இன்னும் யாருடைய ஹார்ட் டிஸ்கிலோ தூங்குகிறது. பிறகு அழுகாச்சி. மூன்றாவது நாவல் நாற்பது பக்கத்தில் நிற்கிறது, நான் ஒன்றாவது படித்ததிலிருந்து.

அண்ணன் கொண்டுவந்த செய்தி: பரமானந்தம் என்று ஒரு புரொட்யூசர், சேலம்காரர், சனிக்கிழமை கதை கேட்கிறார்.

அம்மா அடுப்பை அணைத்தாள். "நெசமாவா துரை?"

"நெசம் மேடம். நான் வேற யூனிட்டுக்கு வரலன்னு சொல்லிப்புட்டேன்."

"அவசரப்படாதப்பா."

"எட்டு வருசத்துல இதான் மேடம் மொத அவசரம்."

ஏப்ரல் 25, வெள்ளி

ஒத்திகை. நம் சினிமாவில் ஸ்கிரிப்டை யாரும் படிக்க மாட்டார்கள், கேட்பார்கள். இரண்டு மணிநேரம் எதிரே உட்கார்ந்து, ஆள் ஆளாகக் குரல் மாற்றி, மழை பெய்தால் மழையாகவும் பெய்து காட்ட வேண்டும். அம்மா இந்தக் கதையை எட்டு வருடத்தில் எத்தனை பேருக்குச் சொன்னாளோ, எனக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று. வீட்டில் வைத்துச் சொல்லும்போதெல்லாம் நான் ஹாலில் இருக்க வேண்டும் என்பது சட்டம். "தண்ணி கொண்டாந்து குடுக்க ஆள் வேணும்லா" என்பாள். ஒரு சொம்பை முன்னாடியே வைத்துக்கொண்டால் தீர்ந்தது. அதைச் சொன்னால் முறைப்பாள்.

கதையின் உயிர் செருப்பு சீன். அம்மா சொல்வது அப்படியே:

"வீட்டை விட்டுப் போன புருஷன் ஒன்றரை வருஷம் கழிச்சு ஒரு மத்தியானம் வாரான். கையில பை. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாரான். அவ கத்தல, அழல. இலை போடுதா. அவன் சாப்புடுதான். சாப்புட்டுக்கிட்டே என்னமோ சொல்ல வாரான். 'சாப்புடும்போது பேசாதீக'ங்கா. அவன் தலைய குனிஞ்சுக்கிட்டுச் சாப்புடுதான். அவ எந்திரிச்சு வாசலுக்குப் போறா. செருப்பு வீட்டைப் பாத்துக் கெடக்கு. குனிஞ்சு, ரெண்டையும் ரோட்டைப் பாக்கத் திருப்பி வைக்கா. உள்ள வந்து மோர் ஊத்துதா. அவன் கை கழுவிட்டு வெளிய வாரான். செருப்பைப் பாக்கான். வீட்டைப் பாக்கான். மாட்டிக்கிட்டு, பையைத் தூக்கிக்கிட்டுப் போறான். ஒரு வசனம் கெடையாது."

கேட்கிறவர்கள் இந்த இடத்தில் "ச்ச" என்பார்கள். தங்கதுரை அண்ணன் ஒவ்வொரு தடவையும் முதல் தடவை மாதிரிக் கண்ணைத் துடைப்பார். நான் சொம்புக்குள் பார்த்துக்கொண்டு நிற்பேன். எட்டு வருடமாகப் பார்க்கிறேன். காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். எழுதாமலும் இருக்கலாம்.

ஏப்ரல் 26, சனி

காலை ஐந்து முப்பத்தைந்துக்குச் சேனலிலிருந்து இன்றைய மூன்றாவது காட்சிக்கான குறிப்பு வந்தது. எப்போதும் ஒரு வரிதான் வரும். அதை மூன்று பக்கமாக ஊதுவது அம்மாவின் தொழில். இன்றைய வரி: 'ஓடிப்போன கணவன் திரும்பி வருகிறான். மனைவி மன்னிக்கவில்லை.'

அம்மா புடவை மடிப்பைப் பிடிக்க முடியாமல் பட்டைக் கையோடு போராடிக்கொண்டிருந்தாள். மனசெல்லாம் பரமானந்தம் ஆபீசில்.

"நீயே போட்டு அனுப்பிரு ஏட்டி. வாசிச்சுல்லாம் காட்ட வேண்டாம்."

போட்டு அனுப்பினேன். மூன்று காட்சி. ஆறு ஐம்பத்தெட்டுக்கு.

மத்தியானம் இரண்டு மணிக்கு அம்மா வந்தாள். செருப்பைக் கழற்றக்கூட மறந்து ஹால் நடுவில் வந்து நின்றாள். "பிடிச்சிருச்சு ஏட்டி. அந்த சீன்ல அந்த மனுசன் எந்திரிச்சுப் போயி ஜன்னல்கிட்ட நின்னுட்டாரு. படமே அந்தச் செருப்புத்தான்மான்னாரு."

எட்டு வருடத்தில் அம்மா சத்தமாகச் சிரித்து இன்றுதான் கேட்கிறேன். சிரிப்பு கொஞ்சம் துருப்பிடித்திருந்தது.

நான் சாப்பிடவில்லை. வெயில்.

ஏப்ரல் 27, ஞாயிறு

சரி, எழுதித் தொலைக்கிறேன். செருப்பு சீனைத் தூக்கி சீரியலில் போட்டுவிட்டேன். மீனலோசனி என்ற எங்கள் கதாநாயகி தன் புருஷனின் செருப்பைத் திருப்பி வைக்கிறாள்.

அந்த ஒரு வரிக்கு வேறு எதுவும் தோன்றவில்லை என்று சொல்லலாம். அது பாதிப் பொய். படம் நடக்காது என்று நினைத்தேன். இது முக்கால் உண்மை. எட்டு வருடமாக நடக்காதது இந்தச் சனிக்கிழமை நடக்கும் என்று எந்த மடையன் நினைப்பான்? தங்கதுரை அண்ணன் நினைப்பார். அவர் கணக்கில் சேர மாட்டார். அப்புறம், டி.வி.யில் ஒருமுறை வந்து தொலைந்துவிட்டால் அம்மா இனிமேல் அதை ஹாலில் உட்கார்ந்து சொல்ல மாட்டாள் என்றும் நினைத்தேன். இது முழு உண்மை.

வாபஸ் வாங்கலாமா என்று எபிசோட் டைரக்டருக்குப் போன் போட்டேன், அம்மா கேட்கச் சொன்ன மாதிரி. "அதுவாம்மா, நேத்து பன்னெண்டு மணிக்கே எடுத்து முடிச்சிட்டோமே. வெள்ளிக்கிழமை டெலிகாஸ்ட். அம்மாகிட்ட சொல்லு, பிச்சிட்டாங்க."

ஏப்ரல் 30, புதன்

வெள்ளிக்கிழமை ஏழரை மணிக்குத் தமிழ்நாடு முழுக்க கரண்ட் போக வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

மே 2, வெள்ளி

போகவில்லை.

அம்மா தான் எழுதியதை டி.வி.யில் பார்க்கிற வழக்கமே கிடையாது. இன்றென்று பார்த்து, டி.வி. முன்னால் துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரிமோட்டை ஒளித்து வைத்தேன், அவள் எழுந்து போய் டி.வி.யிலேயே பொத்தானை அமுக்கினாள்.

மீனலோசனி பட்டுப்புடவையில் இலை போட்டாள். வாசலுக்குப் போனாள். செருப்பைத் திருப்பினாள். இடி. மூன்று தடவை செருப்புக்குக் கிட்டே போய்க் காட்டினார்கள், இடது, வலது, மறுபடி இடது. குடும்பத்தில் ஏழு பேர் முகத்தையும் தனித்தனியாகக் காட்டினார்கள். ஒரு கைக்குழந்தைக்குக்கூட அதிர்ச்சி. அதோடு விட்டிருக்கலாம். நான் எழுதாத வசனம் ஒன்றை அங்கே யாரோ சேர்த்திருந்தார்கள். "இந்தச் செருப்பு மட்டுமில்ல, இதைப் போட்ட காலும் இனிமே இந்த வாசல்ல படக் கூடாது!"

அம்மா மடித்துக்கொண்டிருந்த துண்டை முடித்தாள். அதன் மேல் அடுத்த துண்டை வைத்தாள். ஓரத்தை நேர்ப்படுத்தினாள்.

"டி.வி.ய அமத்து."

அமர்த்தினேன்.

மே 3, சனி

அந்தக் காட்சியை வெட்டிய வீடியோ போனுக்குப் போன் பரவுகிறது. ஜெசிந்தா எனக்கே அனுப்பினாள், "ஹே, உங்கம்மா மாஸ்" என்று. ஒருவர் செருப்புக்குப் பதில் பள்ளிக்கூடப் பையைத் திருப்பி வைத்து நடித்துப் போட்டிருக்கிறார். மற்ற நாளாக இருந்தால் நானே நாலு போட்டிருப்பேன்.

பதினொன்றரைக்குப் பரமானந்தம் சார் பேசினார். அம்மாவின் கை பட்டையில் இருப்பதால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். எல்லாம் கேட்டது.

"என்னங்கம்மா, வீட்டுல சம்சாரம் சீரியல் பாத்துட்டு, என்னங்க நீங்க சொன்ன கதை இதுல வந்துருச்சுங்கறா. நான் நம்பலைங்க. போட்டுக் காமிக்கறா. எழுத்து உங்க பேருதானுங்க."

"ஆமா சார்."

"யாராச்சும் உங்க கதைய எடுத்துட்டாங்களா? சொல்லுங்க, பேசிருவோம்."

நான் கதவோரம் நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். சீரியலைப் பதினாறு வயசுப் பிள்ளை எழுதுகிறாள் என்று தெரிந்தால் திங்கட்கிழமையே வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். தெரியாவிட்டால், ஒரே சீனை இரண்டு இடத்தில் விற்றவள் என்று ஆகும்.

"இல்ல சார். நான்தான் எழுதினேன்."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுக்கும் சத்தம். "அப்புறம் நான் எதைங்க படமா எடுக்கறது? நாளைக்கு தியேட்டர்ல செருப்பைக் காமிச்சா சனம் சிரிக்குமுங்களே."

"அந்த எடத்துல வேற சீன் இருக்கு சார். இதவிட நல்லது. ஒரு அரைமணிநேரம் குடுங்க."

"வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வாங்க. அது சரியா வரலைன்னா கோவிச்சுக்காதீங்க."

போனை வைத்ததும் கேட்டேன். "வேற சீன் இருக்கா?"

"இல்ல."

அப்புறம் அவள் கேட்டாள். "ஏன் போட்ட?"

"அந்த வரிக்கு வேற எதுவும் தோணல."

அம்மா சரி என்பது போலத் தலையாட்டினாள். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். எங்கள் சாலிகிராமமே தோசைக்கல்.

தங்கதுரை அண்ணன் வந்து உட்கார, இரண்டு பேரும் காலையிலிருந்து மாற்று சீன் யோசிக்கிறார்கள். அண்ணனிடம் அம்மா, "அவசரத்துல நானே எடுத்துப் போட்டுட்டேன் துரை" என்று மட்டும் சொன்னாள். அவர், "கையும் சரியில்ல, பாவம் நீங்க என்ன செய்வீக" என்றார். நான் சமையலறைக்குப் போய்த் தேவையில்லாமல் ஒரு டம்ளரைக் கழுவினேன்.

"மேடம், அவன் பையைத் தூக்கி அவ வெளிய வைக்கா."

"சண்டை போட்ட மாதிரி ஆயிரும்."

"இலையை அவன் எந்திரிக்கதுக்கு முந்தி எடுத்துருதா."

"சாப்புடுதவன் எலைய எடுக்கவளுக்காக எவன் அழுவான்?"

"குடை? மழை பெய்யுது. குடைய எடுத்துக் குடுக்கா. போன்னு அர்த்தம்."

"அது கரிசனம் துரை. அந்தக் கொடையைத் திருப்பிக் குடுக்கேன்னு மறுநாளும் வந்து நிப்பான்."

அண்ணன் நோட்டை மூடினார். "செருப்புத்தான் மேடம்" என்றார். "செருப்பு செருப்புத்தான்."

மே 6, செவ்வாய்

அழுகாச்சிக்கு மூன்று காட்சி. சேனல் வரி: 'அந்த மாதிரி இன்னொன்று வேண்டும்.'

அம்மா சொல்லச் சொல்ல அடித்தேன். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தி, "யாரு பேசுதா இப்ப?" என்றாள். மாமியார் என்றேன். "என்ன சொல்ல வந்தா?" எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேரும் திரையில் நின்று துடித்த கர்சரையே பார்த்துக்கொண்டிருந்தோம். மணி ஆறு நாற்பது.

சாயங்காலம் அம்மா பழைய நாவலை எடுத்துப் புரட்டினாள். "எப்படி எழுதினேன்னு பாக்கேன்" என்றாள். பத்துப் பக்கத்தில் மூடிவிட்டாள்.

அண்ணன் விட்ட வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்களாம். அவராகச் சொல்லவில்லை, நான் கேட்டதால் சொன்னார். "அது கெடக்கு பாப்பா, படம் ஆரம்பிச்சா நம்மளத் தேடுவானுவ."

மே 7, புதன்

இதை எழுதினால் இந்த நோட்டை எரிக்க வேண்டிவரும். வேதியியல் செய்முறைதானே, எரிப்பதும் பாடத்தில் உண்டு.

அப்பா இப்போது ஓசூரில் வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். எனக்கு நாலரை வயதாக இருந்தபோது வேலைக்கென்று போனவர் வருவதை நிறுத்திவிட்டார். ஆறு வயதில், விருகம்பாக்கத்துக் கீழ்வீட்டில் இருந்தோம். ஒரு மத்தியானம் அவர் வந்தார். கையில் பெரிய பை. எனக்கு பிஸ்கட் கொண்டுவந்தார். அம்மா சோறு போட்டாள்.

நான் வாசலில் இருந்தேன். பழுப்புச் செருப்பு, பக்கிள் வைத்தது. எனக்கு அது இரண்டு பஸ். ஒன்றில் பிஸ்கட்டை ஏற்றினேன், இன்னொன்றில் பென்சிலை. ஹாரன் அடித்து ஓட்டினேன். விளையாடி முடித்ததும் நிறுத்தினேன். டெப்போவில் பஸ்ஸை ரோட்டைப் பார்க்கத்தான் நிறுத்துவார்கள், அப்போதுதான் காலையில் நேராக எடுக்க வசதி. அப்படியே நிறுத்தினேன்.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். செருப்பைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். என் தலையைத் தொட்டார். பையை எடுத்துக்கொண்டு போனார். நான் "டாட்டா" என்றேன்.

அம்மா கதையில் அந்த அம்மா திருப்பி வைக்கிறாள். எட்டு வருடமாக, ஹாலில் என்னை வைத்துக்கொண்டு. யாரோ வேற்றாள் "ச்ச, என்ன ஒரு பொம்பளை" என்பார். நான் சொம்போடு நிற்பேன். அம்மாவுக்குத் தெரியாது என்று சில நாள் நினைப்பேன். தெரிந்து, என்னைக் குத்தத்தான் சொல்கிறாள் என்று சில நாள்.

இன்று காலை அவள் அரிசி களையும்போது சொல்லிவிட்டேன். முதுகைப் பார்த்துத்தான். "அன்னிக்குச் செருப்பைத் திருப்பினது நான்தான். பஸ் விளையாடினேன். அப்பா நீ செஞ்சதா நெனச்சிட்டுப் போயிட்டாரு. அதனாலதான் அந்த சீனைத் தொலைச்சேன். கேக்க முடியல."

தண்ணீர்க் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா அதை மூடினாள். குக்கரை அடுப்பில் வைத்தாள்.

"நாலு விசில் வந்ததும் அணைச்சிரு" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாலு விசில் வந்தது. அணைத்தேன்.

மே 8, வியாழன்

என்னையும் கிளம்பச் சொன்னாள். "நான் எதுக்கு?" என்றேன். "தண்ணி குடுக்க" என்றாள்.

பரமானந்தம் சார் ஆபீஸ் தி.நகரில். ஏ.சி. குளிரில் தங்கதுரை அண்ணனுக்குத் தும்மல். சார் வெள்ளை வேட்டி, நெற்றியில் விபூதி, மேஜை மேல் இரண்டு போன், இரண்டையும் கவிழ்த்து வைத்தார். கதை கேட்பதற்கு அது மரியாதை.

"சொல்லுங்கம்மா. அந்த எடத்துக்கே வந்துருங்க."

அம்மா பட்டைக் கையை மடியில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை குரலை மாற்றவில்லை. நடிக்கவில்லை. பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்கிற குரல்.

"அவன் வாரான். செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாரான். சாப்புட உக்காருதான். அவங்களுக்கு ஒரு பொண்ணு சார், ஆறு வயசு. வாசல்ல வெளையாடுது. அப்பன் செருப்புதான் அதுக்கு பஸ். பிஸ்கட்டு ஏத்துது, பென்சில் ஏத்துது, வாயால ஹாரன் அடிச்சு ஓட்டுது. வெளையாட்டு முடிஞ்சு, டெப்போவுல விடுத மாதிரி ரோட்டைப் பாக்க நிறுத்துது."

அண்ணன் தும்ம வந்ததை அடக்கிக்கொண்டு அம்மாவைப் பார்த்தார். இது அவருக்கே புதுசு.

"அடுக்களையில ஒரு ஜன்னல் சார். வாசல் தெரியும். அவ கையில மோர்ச் செம்பு. பாத்துக்கிட்டிருக்கா. செருப்பு ரோட்டைப் பாத்து நிக்கு. அவன் இத வேற மாதிரி எடுத்துக்குவான்னு அவளுக்குத் தெரியும். வாசல் பத்து எட்டுதான். போயித் திருப்பி வச்சிரலாம். அவன் இன்னும் மோருக்கு வரல, ரசத்துலதான் இருக்கான். நேரம் இருக்கு." பட்டையின் ஓரத்தை இழுத்துவிட்டாள். "அவ போகல. போயி மோர் ஊத்துதா. அவன் வெளிய வாரான், பாக்கான், போறான். புள்ள டாட்டா காட்டுது. அவ்வளவுதான் சார்."

சார் இந்தத் தடவை எழுந்து ஜன்னலுக்குப் போகவில்லை. கவிழ்த்து வைத்த போனை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஏனுங்கம்மா, அந்தப் புள்ளைக்கு, அம்மா பாத்தாங்கன்னு தெரியுமுங்களா?"

"தெரியாது சார். தான் செஞ்ச வெளையாட்டுல அப்பா போயிட்டார்னு நெனச்சுக்கிட்டே வளருது. இவளும் சொல்லல. சொல்ல வராது. நான்தான் அனுப்பினேன், நான்தான் அனுப்பினேன்னு ஊரெல்லாம் சொல்லுதா, புள்ள காதுல விழட்டும்னு. அதுக்கு வேற மாதிரி விழுந்திருக்கு."

"அப்புறம் எப்பத்தாங்க தெரியுது?"

"பத்து வருஷம் கழிச்சு."

"தெரிஞ்சதும் அந்தப் புள்ள என்னங்க சொல்லுது?"

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. "இன்னும் ஒண்ணும் சொல்லல சார்" என்றாள்.

நான் தண்ணீர் டம்ளரை அம்மா பக்கம் நகர்த்தினேன். அவள் இடது கையால் எடுத்துக் குடித்தாள். பாதி புடவையில் சிந்தியது.

சார் அண்ணனிடம் பேசினார். "தம்பி, ஜூன்ல ஆரம்பிக்கற மாதிரி பாருங்க. பெரிய ஆளு யாரும் வேண்டாம் இதுக்கு. வந்தா செருப்பை அவரே திருப்பறேம்பாரு." அப்புறம் அம்மாவிடம், "இது சீரியலுக்குப் போயிறக் கூடாதுங்க" என்றார்.

"போகாது சார்" என்றேன் நான். அந்த அறையில் நான் பேசியது அது ஒன்றுதான்.

தங்கதுரை அண்ணன் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து மனசாரத் தும்மினார், ஒன்பது தடவை. பிறகு அங்கேயே முகத்தை மூடிக்கொண்டார். அம்மா அவர் தோளில் தட்டிவிட்டு ஆட்டோ பிடித்தாள்.

ஆட்டோவில் வெயில் முழங்கால் வரை அடித்தது. அவள் பட்டையைக் கொஞ்சம் தளர்த்திவிடச் சொன்னாள். தளர்த்தினேன். கட்டைவிரல் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.

"ஜன்னல் வழியாப் பாத்தியா? நெசமா?"

"ம்."

"எங்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாம்ல. இத்தனை வருஷம் சொம்பைத் தூக்கிக்கிட்டு நின்னேன்."

"நேரா வராது ஏட்டி எனக்கு. கதையாத்தான் வரும்." கண்ணை மூடிக்கொண்டாள். "நீ சின்னப் புள்ள. பஸ்ஸு நிறுத்தின. அனுப்பினது நான்."

"திருப்பி வச்சிருந்தா இருந்திருப்பாரா?"

கோடம்பாக்கம் பாலத்தில் ஆட்டோ நின்றது. முன்னால் ஒரு பஸ், பக்கத்தில் ஒரு பஸ். திரும்பிப் பார்த்தால், அம்மா என் தோளில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி தூங்கிவிட்டிருந்தாள்.

டிரைவரிடம் மெல்லப் போகச் சொன்னேன்.